காதில் பாட்டு, கையில் கேம், மேசையில் பாதி எழுதிய நாவல்! - மாய உலகம் படைத்தவர்களின் இன்னொரு பக்கம்

ஷிஃப்ட் முடிந்து ஓசூரிலிருந்து சூளகிரி பக்கம் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் நீங்கள் ஒருமுறை போயிருந்தாலும் இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். உட்கார்ந்த அடுத்த நிமிடமே தூங்கிவிடும் கோஷ்டி ஒன்று. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கும் கோஷ்டி இன்னொன்று. மிச்சமிருப்பவர்கள் போனைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு, ரெண்டு கட்டைவிரலாலும் பி.ஜி.எம்.ஐ-யிலோ ஃப்ரீ ஃபயர் மேக்ஸிலோ யாரையாவது துரத்திக்கொண்டிருப்பார்கள். கையில் நாவலோடு ஒருவர் தென்பட்டால் அது அபூர்வம்.

"எப்பப் பாரு பாட்டு, இல்லாட்டி கேம்... ஒரு புக்கைத் தொடுறதில்ல" என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களுக்கு ஒரு தகவல். ஐந்நூறு பக்கம், அறுநூறு பக்கம் என்று தலையணை சைஸில் மாயாஜால நாவல் எழுதிக் குவித்தவர்களில் பலரும் இதே ரெண்டு பழக்கமும் உள்ளவர்கள்தான். எழுதி முடித்தால் பாட்டு. பாட்டு முடிந்தால் கேம். சிலர் அதோடு நிற்கவில்லை. தங்கள் கதைக்கென்றே ஆல்பம் போட வைத்தார்கள், கேம் கம்பெனி தொடங்கினார்கள், அடுத்தவர் செய்த கேமுக்குள் போய் வசனம்கூட எழுதிக் கொடுத்தார்கள்.

இது என்ன புதுக் கூத்து என்று கேட்காதீர்கள். கூத்தே இதுதானே?

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து திரௌபதி அம்மன் திருவிழாக்களைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பகலில் பாரதப் பிரசங்கம், அதாவது கதை. ராத்திரி தெருக்கூத்து, அதாவது அதே கதை பாட்டாகவும் ஆட்டமாகவும். அர்ச்சுனன் தபசு அன்று உயரமான தபசு மரத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே ஊரே அண்ணாந்து பார்க்கும். கடைசி நாள் மண்ணில் துரியோதனனின் பெரிய உருவத்தைப் படுக்கவைத்துப் படுகளம். அன்றைக்கு நீங்கள் கதையை வெறுமனே கேட்பதில்லை, அதற்குள்ளேயே நிற்கிறீர்கள். கதை, பாட்டு, விளையாட்டு என்று மூன்றையும் தனித்தனி அலமாரியில் அடுக்கியதெல்லாம் பின்னால் வந்த பழக்கம். ஃபேன்டசி எழுத்தாளர்கள் அந்த அலமாரியைக் கலைத்துப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

கல்கி போட்டுவைத்த மெட்டு

நம் ஊரில் இதற்கு முன்னோடி யார் என்று தேடினால் கல்கியிடம்தான் போய் நிற்போம். 'பொன்னியின் செல்வன்' ஃபேன்டசி இல்லை, சரித்திர நாவல் என்று நீங்கள் சண்டைக்கு வரலாம். நியாயம்தான். ஆனால் வரைபடத்தில் கோடு கோடாக இருந்த ஒரு சோழ நாட்டை, நாம் நடந்துபோய்ப் பார்த்த ஊர்போல ஆக்கியவர் அவர். ஓர் உலகத்தை முழுசாகக் கட்டியெழுப்பும் அந்த வித்தைதான் ஃபேன்டசி எழுத்தின் அடிப்படை.

1899-ல் பிறந்த கல்கி, நாவலாசிரியராக மட்டும் அறியப்பட்டவரில்லை. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை, நாட்டிய விமர்சனம் எழுதி வித்வான்களையே ஒரு கை பார்த்தவர். தமிழிசை இயக்கத்தின் முக்கியக் குரல்களில் ஒன்று அவருடையது. 1945-ல் வந்த 'மீரா' படத்தில் எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி எழுதியது. பலர் அதை இன்றைக்கும் பழைய பக்திப்பாடல் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

அப்படிப்பட்டவர் நாவல் எழுத உட்கார்ந்தால் பாட்டு வராமல் இருக்குமா? 'சிவகாமியின் சபத'த்தின் நாயகியே நாட்டியக்காரி. 1950-ல் தொடங்கி நான்காண்டுகளுக்குப் பக்கம் கல்கி பத்திரிகையில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில், கடலில் படகோட்டும் பூங்குழலிக்கென்று தனியாக ஒரு பாட்டே எழுதி வைத்தார். வாசகர்கள் ஆளாளுக்கு ஒரு மெட்டில் அதை மனசுக்குள் பாடிக்கொண்டிருந்தார்கள். 2022-ல் மணிரத்னம் படமெடுத்தபோது பூங்குழலிக்கு ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'அலைகடல்' வந்தது. வரிகள் வேறு, காலம் வேறு. ஆனால் படகு, இருட்டு, தனியாக ஒரு பெண் குரல் என்ற அந்த இடத்தை எழுபது வருஷத்துக்கு முன்பே காலியாக விட்டுவைத்தவர் நாவலாசிரியர்தான். அந்தப் படத்தை முதலில் பார்த்துவிட்டு, பிறகு ஐந்து பாகங்களையும் வாங்கிப் படித்த இளைஞர்கள் எத்தனை பேர் என்று உங்கள் நண்பர்கள் வட்டத்திலேயே கேட்டுப்பாருங்கள். பாட்டு வழியாகப் புத்தகத்துக்குள் வந்தவர்களும் அதில் இருப்பார்கள்.

புத்தகத்துக்கு சவுண்ட் டிராக்

இப்போது மும்பைக்குப் போவோம். அமிஷ் திரிபாதி. ஐ.ஐ.எம் கல்கத்தாவில் படித்துவிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே நாவல் எழுதியவர். ஆபீஸ் போய்க்கொண்டே எழுதிய ஆள் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஷிஃப்ட்டுக்குப் போய்க்கொண்டே ஏதாவது எழுத நினைப்பவர்களுக்கு உதவும். சிவபெருமானைக் கடவுளாக அல்லாமல், திபெத்திலிருந்து மெலூஹா என்ற நாட்டுக்கு வந்துசேரும் ஒரு மலைவாசித் தலைவனாக அவர் கற்பனை செய்தார். அங்கே ஒரு மருந்தைக் குடித்ததும் அவன் தொண்டை நீலமாகிறது. நீலகண்டன்! கையில் திரிசூலம் ஏந்திய, நம்மைப்போலவே சந்தேகப்படுகிற, தப்புப் பண்ணுகிற ஒரு நாயகன். (சூலம் மாதிரி மலை நிற்பதால்தான் எங்கள் ஊருக்கு இந்தப் பெயர் என்று சொல்லிக்கொள்ளும் சூளகிரிக்காரர்களுக்குக் கதை இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் படலாம்.)

பதிப்பகங்கள் வரிசையாகக் கைவிரித்த அந்த முதல் நாவல், 2010-ல் வெளியாகி நாடு முழுக்க விற்றது. தமிழில் 'மெலூஹாவின் அமரர்கள்' என்ற பெயரில் பவித்ரா ஸ்ரீநிவாசன் மொழிபெயர்த்தார். 'பொன்னியின் செல்வ'னை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களில் இவரும் ஒருவர் என்பது சுவாரஸ்யமான ஒற்றுமை.

2013-ல் மூன்றாவது பாகம் வந்தது. கூடவே அமிஷ் ஒரு காரியம் செய்தார். படத்துக்கு ஆடியோ ரிலீஸ் பண்ணுவதுபோல, நாவலுக்கு ஓர் இசை ஆல்பம். பெயர் 'வாயுபுத்ராஸ்'. சோனு நிகம், தாள வாத்தியக் கலைஞர் தௌஃபிக் குரேஷி, தபேலா கலைஞர் பிக்ரம் கோஷ் போன்றவர்கள் அதில் பங்கெடுத்தார்கள். கதையின் முக்கியமான கட்டங்களை இசையாக்கும் முயற்சி. படமே எடுக்காத கதைக்கு சவுண்ட் டிராக்! அப்போது பலர் இதை வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்கினார்கள். விளம்பரம்தான், அமிஷ் மார்க்கெட்டிங் தெரிந்த ஆள் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. முதல் நாவலுக்கு ஒரு அத்தியாயத்தைத் தனிச் சிறுபுத்தகமாக அச்சடித்துக் கடைகளில் இலவசமாகக் கொடுக்க வைத்தவர் அவர். ஆனாலும் ஒன்று யோசித்துப் பாருங்கள். போர்க்காட்சியைப் படிக்கும்போது உங்கள் மண்டைக்குள் ஏதோ ஒரு உறுமி, ஏதோ ஒரு தவில் தானாக அடிக்கத்தானே செய்கிறது? அவர் அதைக் காதுக்கு வெளியே கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் கழித்து, 2024-ல் இன்னொரு படி மேலே ஏறினார். நடிகர் அமிதாப் பச்சனோடும், பெரிய பெரிய கேம்களைத் தயாரித்த யூபிசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய நூரெடின் அப்பூட்டோடும் சேர்ந்து 'தாரா கேமிங்' என்ற நிறுவனத்தை அறிவித்தார். பண்டைய இந்தியாவின் சாயலில் ஒரு கற்பனை உலகம், அதில் 'தி ஏஜ் ஆஃப் பாரத்' என்ற ஆக்‌ஷன் கேம். வெளிநாட்டு டிராகன்களையும் வைக்கிங் வீரர்களையும் வைத்தே இத்தனை காலம் விளையாடிக்கொண்டிருந்த பசங்களுக்கு, அரக்கர்களையும் மந்திரங்களையும் நம் மண்ணிலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம் என்பது யோசனை. கேம் எப்படி வருகிறதோ, வரட்டும் பார்ப்போம். ஒரு நாவலாசிரியர் கேமை 'கதையின் எதிரி' என்று பார்க்காமல், அடுத்த அத்தியாயமாகப் பார்த்தார் என்பதுதான் நமக்கு விஷயம்.

ஆறு மானிட்டர் வைத்திருந்த எழுத்தாளர்

சரி, இவர்கள் எல்லாம் ஒருபுறம். பாட்டையும் கேமையும் தொழிலாக இல்லாமல், ஒரு ரசிகனாகவே வாழ்ந்து தீர்த்த ஆள் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் டெர்ரி பிராட்செட். இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

இவரும் நம்ம கேஸ்தான். முதலில் பத்திரிகை நிருபர், அப்புறம் மின்வாரியத்தில் அணுமின் நிலையங்களுக்கான பத்திரிகைத் தொடர்பு அதிகாரி. வேலை முடிந்து வந்து ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதியவர். 1983-ல் 'டிஸ்க்வேர்ல்டு' என்ற தொடரைத் தொடங்கினார். தட்டு மாதிரி ஓர் உலகம். அதை நான்கு யானைகள் தாங்குகின்றன. யானைகள் ஓர் ஆமையின் முதுகில் நிற்கின்றன. ஆமை விண்வெளியில் நீந்திப் போய்க்கொண்டிருக்கிறது. கூர்மத்தையும் திசை யானைகளையும் கேட்டு வளர்ந்த நமக்கு இது வேற்றுக்கிரகக் கதையாகவே தெரியாது. அந்த உலகத்தில் மொத்தம் 41 நாவல்கள்.

அவருக்குப் பிடித்த இசைக்குழு ஸ்டீலை ஸ்பேன். 1969-ல் தொடங்கிய நாட்டுப்புற ராக் குழு. பழைய கிராமத்துக் கதைப்பாடல்களை, தேவதையிடம் மாட்டிக்கொண்டவன், பேயாக வந்த காதலன் என்று நம்ம ஊர் கதைப்பாட்டுகள் போன்றவற்றை, எலெக்ட்ரிக் கிடாரோடு பாடுபவர்கள். ஒரு கதையைப் பாட்டாகக் கேட்டே வளர்ந்த பிராட்செட், பின்னால் தன் கதைகளில் அந்த நாட்டுப்புற நம்பிக்கைகளை அள்ளிப் போட்டார். தன் 60-வது பிறந்தநாள் விருந்துக்கு அந்தக் குழுவையே அழைத்து வாசிக்க வைத்தார். ரசிகன் என்றால் அப்படி.

வட்டம் அதோடு முடியவில்லை. 2006-ல் அவர் 'வின்டர்ஸ்மித்' என்றொரு நாவல் எழுதினார். டிஃபனி என்ற இளம் சூனியக்காரச் சிறுமி, குளிர்காலத்தை வரவேற்கும் ரகசிய நடனத்துக்குள் ஆர்வக்கோளாறில் குதித்துவிடுகிறாள். குளிர்காலமே அவள்மீது காதலில் விழுந்துவிடுகிறது. பனித்துளிகள் எல்லாம் அவள் முகம் மாதிரியே விழ ஆரம்பிக்கின்றன. கேட்க அழகாக இருக்கிறதல்லவா? ஆனால் குளிர்காலம் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் ஆட்டுக்குட்டிகள் செத்துப்போகும், ஊர் பட்டினி கிடக்கும். இந்தக் கதையை எடுத்து ஸ்டீலை ஸ்பேன் 2013-ல் அதே பெயரில் ஒரு முழு ஆல்பமே போட்டது. அதில் பிராட்செட்டின் பேச்சுக் குரலும் இருக்கிறது. எந்தக் குழுவின் பாட்டைக் கேட்டுக் கதை எழுதினாரோ, அந்தக் குழு அவர் கதையைப் பாட்டாக்கிவிட்டது. இதைவிட ஒரு ரசிகனுக்கு என்ன வேண்டும்?

அதற்கு முன்பும் 1994-ல் டேவ் கிரீன்ஸ்லேட் என்ற இசைக்கலைஞர் 'ஃப்ரம் தி டிஸ்க்வேர்ல்டு' என்ற ஆல்பம் போட்டிருக்கிறார். அதே வருஷம் பிராட்செட் எழுதிய 'சோல் மியூசிக்' நாவல், மாய உலகத்துக்குள் ராக் இசை புகுந்தால் என்னவாகும் என்ற ரகளை. அதில் பாறையால் ஆன ஓர் அரக்கன்தான் டிரம்மர். ராக் இசையில் 'ராக்' இருக்க வேண்டாமா என்ற கடி ஜோக் வேறு!

இனி கேம். அந்தக் காலத்து இசட்.எக்ஸ்.81 கம்ப்யூட்டரிலேயே கைவைத்துப் பழகியவர் அவர். பின்னாளில் அவர் எழுதும் மேசையில் ஆறு மானிட்டர்கள். எதற்கு ஆறு என்று கேட்டால், எட்டு வைக்க இடமில்லை என்பாராம். மகள் ரியானா சின்ன வயதில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கேமில் வரும் குகைகளுக்கு வரைபடம் வரைந்து கொடுப்பார். அந்தச் சிறுமி வளர்ந்து கேம்களுக்குக் கதை எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்டார். 2013-ல் வந்த 'டூம் ரைடர்' கேமின் முதன்மைக் கதாசிரியர் ரியானா பிராட்செட்தான். கூடவே உட்கார்ந்து விளையாடிய ஓர் அப்பா, இதைப் படிக்கும் பெற்றோர்கள் கவனிக்க!

பிராட்செட்டுக்கு ரொம்பப் பிடித்த கேம்களில் ஒன்று 2006-ல் வந்த 'ஆப்லிவியன்'. பெரிய காடு, மலை, பாழடைந்த கோட்டைகள் என்று திறந்த உலகம். மற்றவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டிக்கொண்டு போக, இவர் பேசாமல் ஊர் சுற்றுவதில் ஆர்வம் காட்டினார். இந்தக் கேமுக்கு ரசிகர்களே கூடுதல் பாகங்கள் செய்து இலவசமாகக் கொடுப்பார்கள். 'மாட்' என்பார்கள். அப்படி ரசிகை ஒருவர் நண்பரோடு சேர்ந்து 'வில்யா' என்ற துணைக் கதாபாத்திரத்தை உருவாக்கியிருந்தார். உங்களோடு கூடவே நடந்துவந்து, வாய் ஓயாமல் பேசும், கிண்டலடிக்கும் பெண். அவளைப் பிடித்துப்போன பிராட்செட், செய்தவருக்குத் தானே கடிதம் எழுதினார். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் புத்தகம் விற்ற எழுத்தாளர், ஒரு ரசிகை பொழுதுபோக்காகச் செய்த பாத்திரத்துக்கு யோசனைகளும் வசனமும் அனுப்ப ஆரம்பித்தார். கேமில் வழக்கமாக வெட்டித் தள்ளப்படும் காப்ளின் என்ற குட்டிப் பிசாசுகளோடு சமாதானமாகப் பழக வேண்டும் என்பது அவர் ஆசைகளில் ஒன்று. 2011-ல் வந்த அவருடைய 'ஸ்னஃப்' நாவலில், காப்ளின்களை எலி மாதிரி நடத்தும் ஊருக்கு எதிராக ஒரு போலீஸ்காரர் எழுந்து நிற்கிறார். ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இங்கேதான் கதை வேறு பக்கம் திரும்புகிறது. 2007 டிசம்பரில் பிராட்செட் தனக்கு அல்சைமர் நோய் வந்திருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். அவருக்கு வந்தது அபூர்வமான வகை. பேச்சும் சிந்தனையும் ரொம்ப நாள் நன்றாக இருக்கும். கண் பார்ப்பதை மூளை சரியாகப் புரிந்துகொள்ளாது. தட்டச்சு செய்வது கஷ்டமானது, பிறகு சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார். கேமிலும் சிக்கல் வந்தது. குகைக்குள் போனால் திரும்பி வர வழி தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்ட வில்யாவின் படைப்பாளிகள் ஒரு வசதியைச் சேர்த்தார்கள். வழி தெரியவில்லை என்றால் வில்யாவிடம் கேட்கலாம். அவள் முன்னால் நடந்து வெளியே கூட்டிக்கொண்டு போவாள்.

நோயாளியின் கையைப் பிடித்து பாத்ரூம் வரை கூட்டிக்கொண்டு போகும் வீடுகள் நம்மிடையே எத்தனை இருக்கின்றன. ஒரு கேமுக்குள்ளும் அப்படி ஒரு கை நீளும் என்று, கேம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். 2015 மார்ச் 12-ம் தேதி பிராட்செட் இறந்தார். அந்த வழிகாட்டும் வசதி வில்யாவை இறக்கி விளையாடும் எல்லோருக்கும் கிடைத்தது.

எல்லோரும் இப்படியா?

இல்லவே இல்லை. 'விட்சர்' கதைகளை எழுதிய போலந்துக்காரர் ஆந்திரே சாப்கோவ்ஸ்கி நேர் எதிர். கேமெல்லாம் எனக்கு ஒத்துவராது என்று வெளிப்படையாகச் சொல்பவர். கேம் உரிமையை ஒரே தொகையாக வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். லாபத்தில் பங்கு தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றார். கேம் உலகம் முழுக்க வெடித்து ஓடிய பிறகு, 2018-ல் ஆறு கோடி ஸ்லோட்டி கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். அடுத்த ஆண்டு இரு தரப்பும் புது ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கதை எழுதும் நம்ம ஊர் இளைஞர்களே, யூடியூப் சேனலுக்கோ கேம் கம்பெனிக்கோ கதை கொடுக்கும் முன்னால் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதிலும் ஓர் இசைச் சங்கதி இருக்கிறது. சாப்கோவ்ஸ்கியின் கதையில் வரும் ஒரு குள்ளப் பாத்திரத்தின் பெயர் பெர்சிவல் ஷுட்டன்பாக். அந்தப் பெயரையே போலந்தின் நாட்டுப்புற இசைக்குழு ஒன்று தனக்கு வைத்துக்கொண்டது. வருஷங்கள் கழித்து 2015-ல் 'விட்சர் 3' கேம் வந்தபோது, அதன் இசையில் அதே பெர்சிவல் குழு! புத்தகத்திலிருந்து பெயரை எடுத்தவர்கள், அந்தப் புத்தகத்தின் கேமுக்கே இசை கொடுத்தார்கள். எழுத்தாளர் திரும்பிப் பார்க்காவிட்டாலும் கதை தன் வழியில் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

நம் தமிழிலும் ஒன்று உண்டு. நாவல் இல்லை, ஃபேன்டசியும் இல்லை. ஆனால் கதையும் பாட்டும் கேமும் ஒன்றாகக் கலந்தது எப்படி என்று பார்க்க இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடையாது. கனடாவின் டொராண்டோவில் இருக்கும் 'விசை கேம்ஸ்' 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'. எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதி, அங்கே பிறந்து வளரும் மகன் கவின். அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டைப் பார்த்து, இட்லித் தட்டை எந்த வரிசையில் அடுக்குவது என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அடுக்களை ரேடியோவில் பாட்டு ஓடும். அந்தந்தக் காலத் தமிழ் சினிமா இசையின் வாசனையோடு, கேமுக்கென்றே புதிதாகப் போட்ட பாட்டுகள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா கேம்ஸ் விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது இதற்குத்தான்.

'கேம்' என்றால் வீட்டில் ஏன் பயப்படுகிறார்கள்?

இத்தனையும் படித்துவிட்டு, "அம்மா, விகடமாக ஒன்னும் இல்ல, எழுத்தாளர்களே கேம் ஆடுறாங்க" என்று வீட்டில் சொல்லிப் பார்க்கப்போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் மாநிலத்தில் 'ஆன்லைன் கேம்' என்ற சொல்லே ரம்மி, கடன், அடகு நகை, சில வீடுகளில் தற்கொலை என்ற செய்திகளோடுதான் காதில் விழுந்திருக்கிறது. மாசச் சம்பளம் ஏறிய அன்றைக்கே ராத்திரி கரைந்துபோன கதைகள் தொழிற்பேட்டை ஹாஸ்டல்களில் சகஜம். தமிழ்நாடு அரசு ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே சட்டம் ஈ-ஸ்போர்ட்ஸையும், பணயம் இல்லாத பொழுதுபோக்கு விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கதை கேமுக்கு முடிவு உண்டு. குகையைவிட்டு வெளியே வந்தால் முடிந்தது, போனை வைத்துவிடலாம். பணம் கட்டும் கேமுக்கு முடிவு என்பதே இல்லை, விட்டதைப் பிடிக்க அடுத்த ஆட்டம் காத்திருக்கும். இதற்கு நடுவில் ஒரு வகை இருக்கிறது. இலவசமாக இறக்கச் சொல்லிவிட்டு, துப்பாக்கிக்குப் பெயின்ட், வீரனுக்குச் சட்டை, அதிர்ஷ்டப் பெட்டி என்று பத்து, இருபது ரூபாயாக உருவுவது. சூதாட்டம் இல்லைதான். ஆனால் மாசக் கடைசியில் யு.பி.ஐ கணக்கைக் கூட்டிப் பாருங்கள், அப்போது தெரியும். பிள்ளைகள் கையில் போன் கொடுப்பவர்கள் ஆப் ஸ்டோரில் பாஸ்வேர்டு இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி செட்டிங்கை மாற்றிவிட்டுக் கொடுங்கள். கேமைப் பிடுங்குவதற்கு முன்னால், "இதுல கதை என்னடா?" என்று ஒருமுறை கேட்டும் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் பக்கத்தில் உட்காருங்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

படிக்க நேரமில்லாதவர்கள் காதிலிருந்து ஆரம்பிக்கலாம். 'பொன்னியின் செல்வன்' படப் பாடல்கள் ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கும். அடுத்த முறை 'அலைகடல்' ஓடும்போது, நாவலில் பூங்குழலி அறிமுகமாகும் அத்தியாயத்தைத் தேடிப் படியுங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு அத்தியாயத்துக்கு ஓசூரிலிருந்து சூளகிரி வரும் பயண நேரம் தாராளம்.

அமிஷ் வேண்டுமென்றால் தமிழ் மொழிபெயர்ப்பிலேயே தொடங்குங்கள். ஓட்டமாகப் போகும் கதை, நைட் ஷிஃப்ட்டுக்கு முன்னால் மட்டும் எடுக்காதீர்கள், தூக்கம் போய்விடும். பிராட்செட்டுக்கு ஆங்கிலம் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். 'கலர் ஆஃப் மேஜிக்'தான் முதல் நாவல் என்றாலும் அதில் ஆரம்பிக்கச் சொல்ல மாட்டேன். டிஃபனி வரும் 'தி வீ ஃப்ரீ மென்' சின்னது, எளிது. அது பிடித்துப்போனால் 'வின்டர்ஸ்மித்', அதைப் படித்த கையோடு ஸ்டீலை ஸ்பேன் ஆல்பம். தலைகீழாகச் செய்தாலும் தப்பில்லை.

கேம் ஆட நல்ல கம்ப்யூட்டர் இல்லையே என்பவர்களுக்கும் ஒரு வழி. 1991-லிருந்து ரசிகர்கள் நடத்தும் 'டிஸ்க்வேர்ல்டு மட்' என்ற ஆன்லைன் கேம் இருக்கிறது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. வெறும் எழுத்து. நீங்கள் நிற்கும் தெருவை அது வர்ணிக்கும், வடக்கே போ என்று நீங்கள் டைப் செய்தால் போவீர்கள். அந்தத் தெருவிலேயே உலகின் எங்கோ ஒரு மூலையிலிருந்து இன்னொருவர் நின்றுகொண்டு உங்களுக்கு வணக்கம் சொல்வார். பத்து பைசா செலவில்லை, பழைய லேப்டாப்பே போதும். புது ஆட்களுக்கு வழி தெரியாமல் போவது சகஜம். கேட்டால் யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள்.